யூரியா எங்கே போகிறது? டெல்டா வயலில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் முறை

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலில் அதை வழக்கம்போல் வீசிவிட்டால், பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். அதாவது மூட்டைக்கு 6 முதல் 8 கிலோ. மீதியில் ஒரு பங்கு மண்ணில் தங்கும், ஒரு பங்கு வடிகாலில் ஓடும், பெரும்பங்கு காற்றோடு போய்விடும். பயிர் பச்சை கட்டவில்லையே என்று இன்னொரு மூட்டையைப் பிரித்தால், இந்த முறை சத்து ஒரேயடியாக ஏறி இலை கொழுக்கும், அடுத்த மாதமே புகையான் பூச்சி வந்து இறங்கும்.

எத்தனை மூட்டை போட்டோம் என்ற கணக்கு பாதிக் கணக்குதான். போடும்போது வயலில் தண்ணீர் எப்படி இருந்தது, மணி என்ன, உரம் எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்பவைதான் மறுபாதி. இவை ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிய, நைட்ரஜன் அணு வயலில் எத்தனை வேடம் போடுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அது தெரிந்துவிட்டால் எந்த அட்டவணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மூட்டைக்குள் இருப்பது

யூரியா மூலக்கூறு ஒன்றில் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு, ஆக எட்டு அணுக்கள். எடைக்கணக்கில் கார்பன் 12, ஆக்சிஜன் 16, இரண்டு நைட்ரஜன் 28, நான்கு ஹைட்ரஜன் 4, மொத்தம் 60. அறுபதில் இருபத்தெட்டு என்றால் நூற்றுக்கு 46.6. மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் 46 என்ற எண் இந்த எடைக்கணக்கிலிருந்துதான் வருகிறது. ஒரு கைப்பிடி யூரியாவை 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கைக்குள் 6 போட்டு 23 சுழியம் போட்ட அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன.

நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அங்கே இரண்டிரண்டு அணுக்களாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது. பயிரால் அதைத் தொட முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து அமோனியாவாக்க ஆலையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியதை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை அளவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அமோனியாவோடு கரியமிலவாயுவைச் சேர்த்தால் யூரியா. இவ்வளவு பாடுபட்டு உடைத்த அணுவை வயலில் போட்ட ஒரு வாரத்துக்குள் திரும்பக் காற்றுக்கே விட்டுவிடுவது எவ்வளவு பெரிய நட்டம்!

யூரியா உருண்டையை ஈரக்கையில் அள்ளினால் சில்லென்று இருக்கும். கரைவதற்கு அது வெப்பத்தை உறிஞ்சுகிறது, அந்த வெப்பம் உங்கள் கையிலிருந்து போகிறது. கரைந்த யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் மண் அதைப் பிடிக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு இதுதான் அதன் குணம். பின்னால் சொல்லப்போகும் முறைகளில் பாதி இந்த ஒரு குணத்தை நம்பித்தான்.

துவரம்பருப்புச் சோதனை

யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே எடுப்பதில்லை. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து உடைத்து அமோனியாவும் கரியமிலவாயுவுமாகப் பிரிக்கிறது. நொதி இல்லாமல் வெறும் தண்ணீரில் இது நடக்க ஆண்டுக்கணக்காகும். நொதி இருக்கும் சேற்றில் இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 1926இல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த நொதி இதுதான். அவர் அதை எடுத்தது நம் வேலியில் படரும் தம்பட்டை அவரையின் நெருங்கிய உறவான வாளவரை விதையிலிருந்து.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 மில்லி தண்ணீரும் ஒரு தேக்கரண்டி யூரியாவும் போட்டுக் கரையுங்கள். முதல் டம்ளரில் பச்சைத் துவரம்பருப்பை மிக்சியில் பொடித்து அரைத் தேக்கரண்டி போடுங்கள், சோயாப் பொடியும் ஆகும். இரண்டாவதில் நன்றாக வறுத்துப் பொடித்த அதே பருப்பு. கலக்கி, கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் சிவப்பு லிட்மஸ் தாளை நனையுங்கள். பச்சைப் பருப்பு டம்ளரில் தாள் நீலமாகும். லிட்மஸ் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள், அது செம்பழுப்பாக மாறும். வறுத்த பருப்பில் மாற்றம் இராது, ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிட்டது. பாலில் யூரியாக் கலப்படம் பார்ப்பதும் இதே துவரம்பருப்பு முறையில்தான். சோயாத் துண்டுகளைப் பொடித்துப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று சோதனையைக் குறைசொல்ல வேண்டாம். அவை ஆலையிலேயே வெந்தவை. சோதித்த டம்ளரைச் சமையலறைக்குள் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

அந்த நீலம் சொல்வது இதுதான்: யூரியா உடையும் இடத்தில் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் என்ன ஆகும் என்பது அடுத்தது.

மதியம் இரண்டு மணிக்கு வயல் தண்ணீர்

அமோனியாவுக்கு இரண்டு முகம். ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டால் அமோனியம், அப்போது நேர்மின்னூட்டம் உண்டு, தண்ணீரிலும் மண்ணிலும் தங்கும். அதை விட்டுவிட்டால் வெறும் அமோனியா, ஆவியாகப் பறந்துவிடும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமிலம், காரத்தைக் காட்டும் பி.எச். அளவுதான் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூடப் பறக்கும் வடிவில் இல்லை. 8 ஆனால் ஐந்து. 9 ஆனால் முப்பத்தாறு. தண்ணீர் சூடானால் இன்னும் கூடும்.

நடவு முடிந்து பதினைந்து நாளில் வயலில் பாசி பிடித்திருக்கும். பகலில் பாசி தண்ணீரில் கரைந்த கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால் காரத்தன்மை ஏறும். இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட்டு அந்த வாயுவைத் திரும்பத் தருவதால் இறங்கும். பத்துத் தாள் கொண்ட பி.எச். பட்டைக் கட்டு ஒன்று வாங்கிக் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே இடத்தில் நனைத்துப் பாருங்கள். காலையில் 7க்கும் 7.5க்கும் இடையில் காட்டிய அதே வயல், பாசி கொழுத்திருந்தால் மதியம் 9ஐத் தாண்டும். அந்த நேரத்தில், தேங்கிய தண்ணீரில், காற்றும் வீசும்போது யூரியா உடைந்தால் அமோனியாவைக் கையால் அள்ளிக் காற்றில் விட்டதற்குச் சமம். குறுவையில், ஜூன் ஜூலைக் காற்றில் இந்த இழப்பு மிக அதிகம். நாகை, வேதாரண்யம் பக்கத்து உவர், களர் நிலங்களிலும், காரத்தன்மையுள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் பாயும் வயல்களிலும் பாசி இல்லாமலேயே இது நடக்கும்.

காலையில் போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. காலையில் போட்ட யூரியா மதியத்துக்கும் மறுநாள் மதியத்துக்கும் அங்கேதான் மிதந்துகொண்டிருக்கும். மேல்தண்ணீரில் இல்லாமல் சேற்றுக்குள் அதை இறக்கிவிடுவதுதான் வழி. நேரம் இரண்டாவது, தண்ணீர் முதலாவது.

சேற்றுக்குள் இரண்டு நாடு

தண்ணீர் கட்டிய வயலின் மேல்தோல் சில மில்லிமீட்டர் மட்டும் லேசான செம்பழுப்பாக இருக்கும். விரலால் கீறினால் உள்ளே சாம்பல் நிறம், இன்னும் கீழே கருநீலம். மேல்தோலுக்குத் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கிறது, அதனால் அங்கே இரும்பு துருவாகச் சிவந்திருக்கிறது. கீழே ஆக்சிஜன் கிடையாது.

அமோனியம் மேல்தோலில் தங்கிவிட்டால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண்ணுக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டாது, அதனால் நைட்ரேட் நழுவிக் கீழடுக்குக்குப் போகும். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். சேற்றில் கால் வைத்தால் வரும் குமிழிகளில் அதுவும் கொஞ்சம் இருக்கும். அதே அமோனியம் முதலிலேயே கீழடுக்கில் சேர்ந்திருந்தால், நைட்ரேட்டாக்க அங்கே ஆக்சிஜன் இல்லை. களிமண்ணின் எதிர்மின்னூட்டம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேர் வந்து எடுக்கும்வரை காத்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி உண்டு. இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் பஞ்சு அடைத்து, காய்ந்த களிமண் தூள் ஒரு பங்கும் கழுவிய மணல் மூன்று பங்கும் கலந்து நிரப்புங்கள். வெறும் களிமண் போட்டால் தண்ணீர் இறங்காது. ஒன்றில் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து ஊற்றுங்கள், மற்றதில் சிவப்பு இயோசின் மையை ஊற்றுங்கள். நீலம் நேர்மின் சாயம், மண்ணிலேயே தங்கிவிடும், கீழே வருவது ஏறக்குறையத் தெளிந்த தண்ணீர். சிவப்பு எதிர்மின் சாயம், நேரே வடிந்துவிடும். நீலம்போல அமோனியம், சிவப்பைப்போல நைட்ரேட். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புது டெல்டாவின் இளகிய மண்ணையும், திருவாரூர் களிமண்ணையும் தனித்தனியே வைத்துச் செய்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். இளகிய மண்ணில் களி குறைவு, பிடிப்பும் குறைவு. அதனால் அங்கே மேலுரத்தை, அதாவது பயிர் வளரும்போது போடும் உரத்தை, இன்னும் ஒரு தவணை கூட்டிப் பிரித்துப் போட வேண்டும்.

அளவு

மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படி போங்கள். இல்லாதபோது வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாவுக்குச் சொல்லும் பொது அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 150, 50, 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20. வெள்ளைப்பொன்னி போல உயர்ந்து சாயும் ரகத்துக்குத் தழைச்சத்து இதில் பாதி போதும்.

மணிச்சத்து 20 கிலோவுக்கு டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் 43.5 கிலோ. அதிலேயே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது, இதைக் கழிக்க மறப்பவர்கள் ஏராளம். மீதி 52.2 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. நான்கு சம தவணையாக்கினால் அடியுரத்தில் டி.ஏ.பி.யோடு யூரியா 16 கிலோ, பிறகு மூன்று மேலுரத்துக்கும் தலா 32 அல்லது 33 கிலோ. மாக்கணக்கில் (ஒரு மா ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) பார்ப்பவர்களுக்கு ஒரு மேலுரத்துக்கு மாவுக்கு 11 கிலோ. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் உரம் ஏக்கருக்கு 33 கிலோ, பாதியை அடியுரமாகவும் பாதியைக் கதிர் உருவாகும்போதும் கொடுங்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலானால் யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு இதே அளவு போடாமல், கீழே சொல்லும் இலை வண்ண அட்டையை நம்புங்கள்.

அடியுரம்

கடைசிச் சேற்றுழவுக்கு முன் வயலில் தண்ணீரைச் சேறு மூடும் அளவுக்கு மட்டும் வையுங்கள். உரத்தை வீசி, உடனே உழுது, பரம்படித்து, பிறகு தண்ணீர் கட்டுங்கள். நோக்கம் ஒன்றுதான்: உரம் அந்தக் கருநீல அடுக்குக்குள் போக வேண்டும். நடவு முடிந்த மறுநாள் தேங்கிய தண்ணீரில் அடியுரத்தை வீசும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வேர் இன்னும் பிடிக்கவில்லை, எடுக்க ஆளில்லை, பாசிதான் அதைத் தின்று கொழுக்கும். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே கணிசமாக மிச்சமாகும்.

புழுதியில் நேரடி விதைப்பு செய்யும் கடைமடைக்காரர்களுக்கு விதி நேர்மாறு. காய்ந்த புழுதி மண்ணில் ஆக்சிஜன் தாராளம், அதில் போட்ட தழைச்சத்தெல்லாம் நைட்ரேட்டாகிவிடும். பிறகு மழையோ ஆற்றுத் தண்ணீரோ வந்து வயல் மூழ்கியதும் அவ்வளவும் வாயுவாகப் போய்விடும். ஆகவே அடியுரமாக யூரியா போடாதீர்கள். முளைத்து 20, 25 நாள் ஆகி, வயலில் ஈரம் நிலைத்த பிறகு முதல் தவணையைத் தொடங்குங்கள்.

மேலுரம் போடும் நாள்

வாய்மடையை அடைத்து, முந்தின நாளே தண்ணீரை வடித்துவிடுங்கள். வயல் சேறாக, கால் பதியும் அளவில், அங்கங்கே மயிரிழை வெடிப்பு தெரியத் தொடங்கும் பதத்தில் இருக்க வேண்டும். இதைத் தாண்டி விரல் நுழையும் வெடிப்பு வரை விடாதீர்கள். அப்படி விட்டால் மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்கி நைட்ரேட் உண்டாகும், தண்ணீரும் வெடிப்பு வழியே நேரே அடியில் ஓடிவிடும். களை இருந்தால் முதலில் அதை எடுங்கள், களைக்கும் வேர் உண்டு.

முந்தின இரவே யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம்புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு என்று கலந்து கோணிபோட்டு மூடி வையுங்கள். இப்போது வரும் யூரியா வேம்பு பூசியதுதான். ஆனாலும் புண்ணாக்கு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, ஜிப்சத்தில் கந்தகமும் கால்சியமும் கிடைக்கின்றன. ஜிப்சம் கிடைக்காவிட்டால் புண்ணாக்கு மட்டும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் போதும்.

மாலை நாலு மணிக்கு மேல், வெயில் தணிந்து, இலையில் ஈரம் இல்லாதபோது வீசுங்கள். காலைப் பனியில் வீசினால் உருண்டை இலைமேல் ஒட்டிக் கரைந்து நுனியைக் கருக்கிவிடும். வயலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளாமல் உரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்குவாக்கிலும் வீசினால் திட்டுத் திட்டாகப் பச்சை கட்டாது. மறுநாள் தண்ணீர் விடுங்கள், இரண்டு அங்குலம் போதும். யூரியா இன்னும் உடையாமல், மின்னூட்டம் இல்லாமல் இருக்கும் நேரம் அது. தண்ணீர் அதைத் தன்னோடு சேற்றுக்குள் இறக்கிவிடும், அங்கே உடைந்து அமோனியமாகிக் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு வாரம் வாய்மடையைத் திறக்காதீர்கள். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாயும் இடங்களில் இது சிரமம்தான். அங்கே மேல்வயல்காரரோடு பேசி நாள் வைத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் உரம் கீழ்வயலைத்தான் பச்சையாக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூட்டமாக இருந்தால் காத்திருங்கள். மூன்று நாள் தள்ளிப்போவதால் பயிர் கெடாது. ஆனால் போட்ட இரவே கொட்டும் மழை ஒரு தவணையை முழுதாக வடிகாலுக்குக் கொண்டுபோய்விடும்.

எப்போது என்று பயிரையே கேட்பது

தூர் கட்டும் பருவத் தவணை எல்லோருக்கும் தெரியும். தவறவிடக் கூடாதது கதிர் உருவாகும் பருவம். அறுவடைக்கு ஏறத்தாழ 65 நாள் முன் அது வரும். 110 நாள் ரகமான ஆடுதுறை 43இல் விதைத்து 45ஆம் நாளை ஒட்டி, 155 நாளைக்கு மேல் போகும் சி.ஆர். 1009இல் 90ஆம் நாளை ஒட்டி. நாட்கணக்கை மட்டும் நம்பாமல், நல்ல தூர் ஒன்றைப் பிடுங்கி, தாய்த்தண்டைப் பிளேடால் அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மேல்கணுவுக்குச் சற்று மேலே, வெண்பஞ்சு நுனிபோல ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கூம்பு தெரியும். அதுதான் குருத்துக் கதிர். கதிரில் எத்தனை மணி என்பது அந்த நாட்களில் முடிவாகிறது. பத்துத் தூரில் ஐந்தாறில் தெரிந்தால் மறுநாளே தண்ணீரை வடிக்கத் தொடங்குங்கள்.

இலையின் பச்சைக்கும் தழைச்சத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் அனுபவக் கணக்கு அல்ல. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவே ஒரு மெக்னீசியம் அணு, அதை நாலு பக்கமும் பிடித்திருப்பவை நான்கு நைட்ரஜன் அணுக்கள். நைட்ரஜன் குறைந்தால் பச்சையம் குறையும். பச்சை நிறச் சாயல்களை எண்ணிட்டு அச்சடித்த இலை வண்ண அட்டை இதைத்தான் அளக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்து இடத்தில் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து, உங்கள் நிழலில் மறைத்துப் பாருங்கள். வெயிலில் நேரே பிடித்தால் வெளிர் பச்சையாகத்தான் தெரியும், தேவையில்லாமல் உரம் போடுவீர்கள். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் நிறத்துக்குக் குறைவாக இருந்தால் (வெள்ளைப்பொன்னிக்கு 3) ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா. இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் நிறம் மாறும்.

மஞ்சள் எல்லாம் யூரியா கேட்கவில்லை

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. நைட்ரஜன் பயிருக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடியிலை முதலில் நுனியிலிருந்து மஞ்சளாகும். கந்தகமும் இரும்பும் அப்படி எளிதில் நகராது, குருத்திலை வெளுக்கும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் பயிர் குன்றி, இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது துத்தநாகப் பற்றாக்குறை. யூரியா போட்டால் இன்னும் மோசமாகும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து சேற்றின் மேல் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்காதீர்கள், துத்தநாகமும் பாஸ்பேட்டும் கைகோத்துக் கரையாத உப்பாகி இரண்டும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். நின்ற பயிரில் கண்டால் லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

இன்னொன்று, பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் பாக்டீரியாக்கள் அடுத்தடுத்து நைட்ரேட்டையும் இரும்பையும் பிறகு சல்பேட்டையும் பிடித்து மூச்சுவிடும். சல்பேட் வரை போய்விட்டது என்பதற்கு அடையாளம் அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம். அதற்கு மருந்து உரமல்ல. தண்ணீரை வடித்து மூன்று நாலு நாள் வயலை மூச்சுவிடச் செய்து, வெள்ளை வேர் புதிதாக வந்த பிறகே மேலுரம்.

கலப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சாம்பலையோ சுண்ணாம்பையோ டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட்டோடு கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்த நெடிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. யூரியாவைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து வைத்தால் நீர்விட்டுக் கூழாகிவிடும். பொட்டாஷோடு கலப்பதானால் வீசுவதற்குச் சற்றுமுன் மட்டும் கலக்கலாம்.

சம்பா முடிந்த வயலில் உளுந்து

தை, மாசியில் நெல் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்கும் உளுந்து, ஆலைக்கு 400 டிகிரி தேவைப்பட்ட வேலையை வெறும் மண்ணின் சூட்டில் செய்கிறது. வேர்முடிச்சிலிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் நொதியில் இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்து அந்த மும்மைப் பிணைப்பை உடைக்கின்றன. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். அதனால் பயிர், நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு செந்நிறப் புரதத்தை முடிச்சுக்குள் வைத்து ஆக்சிஜனை அளவாகவே விடுகிறது.

வேலை நடக்கிறதா என்று பார்க்க, விதைத்து 30 நாள் ஆன செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து (பிடுங்கினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும்), வேரைத் தண்ணீரில் அலசி, பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடிக்கப்படுகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. அப்படியானால் அடுத்த பட்டத்தில் விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து பிசறி, நிழலில் அரைமணி உலர்த்திவிட்டுத் தெளியுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலப்பதானால் அதை முந்தின நாளே கலந்துவிட வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ரைசோபியம் செத்துவிடும்.

உளுந்துக்கு யூரியா மேலுரம் வேண்டாம். மண்ணில் தழைச்சத்து கையெட்டும் தூரத்தில் கிடைத்தால் செடி முடிச்சு வைக்கச் சோம்பும். பூக்கத் தொடங்கும்போது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தின இரவே 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கலக்காமல் தெளிவை மட்டும் துணியில் வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளித்தால் போதும். அடியில் நிற்கும் வண்டலைச் சேர்த்து ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும்.